ஐந்து லிட்டர் கேன்

“மலைத்தேனா அண்ணாச்சி? லிட்டர் எம்புட்டு?”

சேத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து பாண்டிதுரை மடியைவிட்டு இறக்காத வெள்ளைக் கேனைப் பார்த்துத்தான் கண்டக்டர் கேட்டார்.

“விக்கிறதுக்கு இல்ல” என்று துண்டை இழுத்துக் கேனை மூடினார் பாண்டிதுரை. விற்றால்தான் எவன் வாங்குவான்? உள்ளே இருந்தது அவருடைய இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர்.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷனுக்கு இரண்டு மாதமாக ஒரு வினோதம். திடீர் திடீரென்று முகம் சிவந்துபோகும். ‘வயிறும் சரியில்ல’ என்று தன் பங்குக்கு அவரே ஒன்றைச் சேர்த்துச் சொல்லப்போய், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஸ்வீட்லின் இந்தப் பரிசோதனையை எழுதிவிட்டார். மூன்று நாளைக்கு வாழைப்பழம், தக்காளி, அன்னாசி எதையும் தொடக்கூடாது; தொட்டால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடுமாம். கடைசி நாள் முழுக்க ஒரு சொட்டு வீணாக்காமல் கேனில் பிடித்து லேபில் கொடுக்க வேண்டும்.

“பாத்தியாட்டி? கழுத்து வரைக்கும் நிக்குது. பட்டாளத்துக்காரன்கிட்ட ஒரு வேலையக் கொடுத்தா அப்பிடித்தான்!” என்று பக்கத்தில் இருந்த மனைவி மாரிக்கனியிடம் பெருமையடித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதுதான் தாமதம், “செத்த இருங்க, வந்துட்டேன்” என்று இறங்கி ஓடினாள். பாண்டிதுரைக்கு எரிச்சலாக வந்தது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் இவளுக்கு முதல் ஜோலி கழிப்பிடத்தைத் தேடுவதுதான்! கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள். உடம்புக்கு முடியாத மனுஷன் மடியில் கேனோடு தனியாக உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பு வேண்டாமா?

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. நோயாளி ஸ்டூலில் பாண்டிதுரை உட்கார, மாரிக்கனி சுவரோரமாக நின்றாள்.

“நாலே முக்கா லிட்டர்! நெறையத் தண்ணி குடிப்பீங்களோய்யா?” என்றார் டாக்டர்.

“சர்வீஸ்ல பழகுனதும்மா” என்று நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த பக்கத்தைப் புரட்டிய டாக்டரின் முகம் மாறியதும் நிமிர்ந்த நெஞ்சு தானாக இறங்கிவிட்டது.

“இந்த டெஸ்ட்ல பாக்குற ரசாயனம் இருக்க வேண்டியதப் போல ஆறு மடங்கு இருக்கு. கார்சினாய்டுன்னு ஒரு கட்டியா இருக்கலாம், ரொம்ப அபூர்வம். குடல்ல கடலைப்பருப்பு மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு எதையாவது சுரந்துக்கிட்டே கெடக்கும். முகம் சிவக்கும், வயிறு போகும், மூச்சு இளைக்கும். பயப்படாதீங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா எடுத்துரலாம், ஊசியும் இருக்கு. விட்டாத்தான் ஈரலுக்குப் போயிரும். மதுரையில ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.”

அன்றிலிருந்து பத்து நாள் பாண்டிதுரை செத்துச் செத்துப் பிழைத்தார். “யூனிபார்ம் போட்ட போட்டோவத்தான் மாட்டணும், கேட்டியா? கல்யாணப் போட்டோல கண்ண மூடியிருக்கேன்” என்று ஆரம்பிப்பார். மாரிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே! இம்புட்டு சுரக்குதுன்னா எங்கயாவது தெரிஞ்சே ஆகணும். எனக்கே புரியலய்யா. இன்னொரு தடவ கேன்ல பிடிப்போமா?”

சுவரோரம் நின்ற மாரிக்கனி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“தப்பு என்மேலதாம்மா. இவியளுக்குப் பாதிக் கேனுகூட நெறையல. கொறைஞ்சா லேபுல திருப்பி அனுப்பிருவாவளோன்னு பயமாப் போச்சு. அன்னைக்கு முழுக்க என்னோடதையும் பிடிச்சு ஊத்திட்டேன்.”

பாண்டிதுரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், ஸ்டூலே குலுங்கியது. “அடி கிறுக்கி! உன்னால எனக்கு மாலையே போட்டிருப்பாவளேட்டி!” போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர். வெளியே போனதும் ஒரு கிலோ பால்கோவா வாங்கி இரண்டு பேருமாகத் தின்று தீர்த்துவிடுவது என்று முடிவே கட்டிவிட்டார்.

டாக்டரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அப்ப ஐயாவுக்கு ஒண்ணுமில்ல. முகம் சிவக்கிறது பிரஷர் மாத்திரை பண்ற வேலையாத்தான் இருக்கும், மாத்தித் தாரேன்.”

எழுதப்போன பேனா அப்படியே நின்றது. “அம்மா, அந்த மூணு நாளும் நீங்க வாழைப்பழம், தக்காளி சாப்பிட்டீங்களா?”

“எங்கம்மா! இவியளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னா ஆக்குவேன்? ஒரே சட்டிதான்.” செக்கச்செவேலென்று சிவந்துகிடந்த முகத்தை மாரிக்கனி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “செத்த இருங்கம்மா, பாத்ரூம் போயிட்டு வந்திருதேன்.”

பாண்டிதுரையின் சிரிப்பு நின்றுபோனது.

“ஐயா, நீங்க எந்திரிங்க” என்றார் டாக்டர். “அந்த ஸ்டூல்ல அம்மா உக்காரட்டும்.”