வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தவள்

மாப்பிள்ளையை வேலை செய்யும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று, வரன் பேசியிருந்த செங் ஊர்ப் பெண் சொல்லிவிட்டாள். அதனால் ஜாசினில் இருக்கும் மகனின் கிளினிக்கில், குவே பலகாரத் தட்டோடு காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள் புஷ்பவள்ளி.

சுடிதார் அணிந்த பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். "வணக்கம் ஆன்ட்டி. டாக்டர் புவனேஷைப் பார்க்க..."

"தெரியும்மா, உனக்காகத்தான் காத்திருக்கேன்! அவன் பேஷண்ட் பார்க்கிறான். நீ சுத்திப் பாரு லா!"

அவள் கழிவறையை எட்டிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இந்தச் சம்பல் யாரோடது?"

"என்னோடதும்மா."

"மருந்து ஃபிரிட்ஜ்ல சாப்பாடு வைக்கக் கூடாது ஆன்ட்டி. எடுத்துருங்க."

புஷ்பவள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு பொறுப்பான மருமகளா! சம்பலை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "நல்லா சமைப்பியாம்மா?"

அறையை விட்டு வெளியே வந்த புவனேஷ் அம்மாவிடம் ஓடி வந்தான்.

"அம்மா! இவங்க சுகாதார அதிகாரி, மிஸ் தேவிஸ்ரீ! போன வருஷமும் இவங்கதான் கிளினிக்கைச் சோதனை பண்ண வந்தாங்க. செங் பொண்ணு இப்பதான் வந்துக்கிட்டு இருக்கு!"

"வரட்டும் லா," என்ற புஷ்பவள்ளி, குவே தட்டை அதிகாரியிடம் நீட்டினாள்.

"உட்காரும்மா. கிளினிக்கை நீ பாஸ் பண்ணுவியோ மாட்டியோ, உன்னை நான் பாஸ் பண்ணிட்டேன்!"