கடைக்கொரு விசில்

லிமாவின் துணிச்சந்தைத் தெருவில் பிப்ரவரியின் உச்சி வெயில். எங்கள் கடைக்குள் இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். என் கணவர் மாசிமோ விசிலை எடுத்து ஊதுகிறார். ஒருவர் ஊதினால் தெருவே ஓடிவர வேண்டும் என்று சொல்லிக் கடைக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தவர் எதிர்க்கடை இலாரியோ, எங்கள் மகளின் ஞானத்தந்தை. விசில் சத்தம் கேட்டதும் தெருவெங்கும் ஷட்டர்கள் தடதடவென்று இறங்குகின்றன. "நல்லா ஊதுடா, ஒரு நாயாவது வருதா பாப்போம்" என்று ஒருவன் சிரிக்கிறான். எதிரே ஒரு ஷட்டர் மட்டும் பாதியில் நிற்கிறது. அதன் கீழே, வெயில் விழுந்த தரையில், இலாரியோவின் பழுப்புக் காலணிகள் தெரிகின்றன. "அண்ணே, வாங்கண்ணே!" என்று கத்துகிறேன். காலணிகள் அசையவில்லை. பிறகு அந்த ஷட்டரும், சத்தம் வராதபடி, மெதுவாக இறங்குகிறது. உள்ளே தாழ்ப்பாள் போடும் ஓசை மாசிமோவுக்கும் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் சுடுகிறார்கள்.