இளையதம்பியின் இருமல்

வீடு தேடி வரும் நேர்ஸ் பத்மாசினியை இளையதம்பிக்குக் கண்ணில் காட்டக்கூடாது. “உளவு பாக்க வாறவள்” என்பார். ஆனால் முன்பெல்லாம் வீட்டுக் கோழிகள் இடும் முட்டை முழுவதும் நெல்லியடிச் சந்தைக்குத்தான் போனது. அவள் வந்து விசாரிப்பாள் என்ற பயத்தில்தான் மருமகள் நாகேஸ்வரி இப்போது தினமும் அவருக்கு ஒன்று அவிக்கிறாள்.

அன்று நேர்ஸ் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டாள்.

“அப்பு, சளி போயிட்டுது. இனி நான் வரத் தேவையில்லை.”

“அப்ப இனி முட்டை சந்தைக்குத்தான்,” என்றாள் நாகேஸ்வரி.

இளையதம்பி கட்டில் ஆட ஆட இருமினார்.

“உந்தக் குழாய்க்கு என்ன பிள்ளை தெரியும்? சளி எல்லாம் உள்ளுக்குள்ளை கிடக்குது!”

நேர்ஸ் குழாயைத் திரும்ப எடுக்கவேயில்லை.

“ஓம் அப்பு, பொல்லாத இருமல்தான். கிழமைக்கு ஒருக்கா வாறன். நாகேஸ்வரி, முட்டையை நிப்பாட்டிப் போடாதை.”

அவள் வாசல் படலையைத் தாண்டியதும் இளையதம்பி சிரித்தார்.

“படிச்சவளாம்! கள்ள இருமலைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியேல்லை.”