அப்பாவின் நெற்றி

பாலித் தீவுக்கு வந்து ஏழு மாதமாகிறது. மடிக்கணினி இருந்தால் என் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் அப்பாவையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள முடியும் என்று உறுதியாக இருந்தேன். சமையலுக்கு ஒரு மாமி வருகிறார். தினமும் காலையில் வீடியோவில் பேசுவோம். "சுப்ரஜா, சாப்ட்டியா?" என்றுதான் அப்பா தொடங்குவார்.

அவருக்குக் கை நடுங்கும். நான் அங்கிருந்தவரை நெற்றியில் திருமண் இட்டுவிட்டது நான்தான். நான் கிளம்பிய பிறகு அது தினமும் கோணலாக இருந்தது. இந்த மாதம் நேராக இருக்கிறது. நடுவிலுள்ள சிவப்புக் கோடு, நான் இழுப்பதுபோலவே, மேலே ஊசிமுனையாக முடிகிறது.

"யார்ப்பா இட்டுவிடறா? சமையல் மாமியா?"

"மாமிக்கு ரசத்துல உப்பே சரியாப் போடத் தெரியாது. திருமண் இடப்போறாளா?" என்று சிரித்தார். "நீதானேடி கார்த்தால இட்டுவிட்டே."

வயதாகிறது, மறதி என்று எடுத்துக்கொண்டேன். முடிவெடுக்க எனக்கு நேரமாகாது. இந்தத் தீவு போதும்.

"வெள்ளிக்கிழமை திருச்சிக்கு வந்துடறேன்ப்பா. இனிமே உங்களோடதான்."

அவர் மகிழ்வார் என்று காத்திருந்தேன். அவர் திரைக்கு வெளியே, ஊஞ்சல் பக்கம் திரும்பினார்.

"சுப்ரஜா, இவ வரேங்கறா. என்ன சொல்லட்டும்?"

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டினார். பிறகு, தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"ஆத்துல இடமில்லையாம். நீங்க அங்கேயே சௌக்யமா இருங்கோ."