கைப்பிடி மண்

கணவனைப் புதைத்துவிட்டு வியாகுலமேரி கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது காவலாளி ஒரு தட்டை நீட்டினான். அந்தக் கடற்கரையின் தாது நிறைந்த கறுப்பு மணலுக்கு இரண்டு வல்லரசுகள் போட்டி போடத் தொடங்கியதிலிருந்து கல்லறைகளும் கம்பி வேலிக்குள்தான் கிடந்தன.

“குழியில மண்ணு போட்ட கைய இதுல தட்டிட்டுப் போங்க மைனி. ஒரு பொட்டு வெளிய போவக்கூடாதுன்னு உத்தரவு.”

அவள் தட்டினாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்ததை அவனே ஈர்க்குச்சியால் எடுத்தான். சொந்த ஊர்க்காரன்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

“இந்த மண்ணு எந்த நாட்டுக்குப் போவுது?” என்று அவள் கேட்டாள்.

“இந்த மாசம் யாரு கூடுதலா தாராவளோ அவியளுக்கு.”

கடலில் கப்பல் ஒன்று காத்து நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை.

“அவரு மேல போட்டத எப்ப அள்ளுவீய?” என்று மீன் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

காவலாளி, அவளுக்குப் பின்னால் வந்த பங்குத்தந்தையிடம் தட்டை நீட்டினான்.