கேளுவேட்டன் நட்ட மரங்கள்

"உங்க கை இந்த மரத்துல படவே கூடாது, கேளுவேட்டா. நட்ட வரைக்கும் போதும்."

லிஸ்ஸி டீச்சர் அப்படிச் சொன்னதும், கத்தியை ஓங்கியிருந்த கிழவர் அப்படியே நின்றார். ஞாயிறுதோறும் கூலியில்லாமல் காட்டுக்கு வரும் ஊர்க்காரர்கள், காட்டை மூடிவிட்ட களையான மஞ்சக்கொன்றை மரங்களை நெஞ்சு உயரத்திலிருந்து வேர்வரை தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் சனியன் அது. உரித்துவிட்டால்தான் நின்றபடியே சாகும்.

"நட்ட கையாலேயே கொஞ்சம் உரிச்சுட்டுப் போறேனே, டீச்சர். மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறினா போதுமா? இதுக்கு அடியில ஒரு புல் முளைச்சிருக்கா பாருங்க. காட்டுல தீனி இல்லாமத்தான் ஆனை என் வாழைத்தோட்டத்துல வந்து நிக்குது. குலை தள்ளின வாழை ஒண்ணு மிச்சமில்லை."

கேளுவேட்டன் முன்பு இந்தக் காட்டில் வனத்துறை வாட்சராக இருந்தவர். "மேலேருந்து கன்னு வந்துச்சு. விஷுக்கணிக்கு வைக்கிற கொன்றைன்னு சொன்னாங்க. சந்தோஷமா நட்டோம்."

"சொன்னா நட்டுடுறதா? பூத்தப்போ கண்ணு எங்க போச்சு? நல்ல கொன்றை சரம் சரமா கீழே தொங்கும். இந்தப் பிசாசு கொத்துக் கொத்தா மேல நிமிர்ந்து நிக்கும். என் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களே சொல்லும்."

"பூக்கிற வரைக்கும் தெரியலையே."

"ஒரு காட்டையே கொன்னுட்டுத் தெரியலையாம்." அவருடைய அப்பாவி முகத்தைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குக் கிளம்புங்க."

அவர் கிளம்பவும், ஆற்றங்கரைப் பக்கம் வேலைக்குப் போயிருந்த ஊர்க்காரப் பெண் ஜஸீலா மூச்சிரைக்க ஓடி வரவும் சரியாக இருந்தது.

"டீச்சரே, சீக்கிரம் வாங்க. நாம வச்ச கொன்றையெல்லாம் பூத்துடுச்சு."

டீச்சரின் கோபம் போன இடம் தெரியவில்லை. சில வருஷத்துக்கு முன்பு, களையை அழித்த இடத்தில் அவள் முன்னின்று நட்ட கன்றுகள் அவை. டவுன் நர்சரியில் தானே பேரம் பேசி, ஜீப்பில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தவை.

"கேளுவேட்டா, நீங்களும் வாங்க. கொன்றைன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

ஆற்றங்கரை முழுக்க மஞ்சளாக இருந்தது. டீச்சர் சிரித்த முகத்தோடு அண்ணாந்து பார்த்தாள்.

ஒரு சரம்கூடக் கீழே தொங்கவில்லை. எல்லாக் கொத்தும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

கேளுவேட்டன் கத்தியை வேட்டியில் துடைத்தார். பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நட்ட கையாலேயே உரிங்க, டீச்சர். மனசு கொஞ்சம் ஆறும்."