பக்கத்து மேசையில் ஒரு புள்ளி

"கையும் களவுமாப் புடிச்சுட்டனுங்க சார்!" அறிவியல் பரீட்சை நடந்த ஹாலிலிருந்து தனப்பிரியாவைத் தலைமையாசிரியர் அறைக்கு இழுத்து வந்தார் சரிதா டீச்சர். "பக்கத்து மேசை சித்ராவோட பேப்பர்ல எட்டிப் பேனா வெக்கறா!"

"ஏம்புள்ள, விடை சொல்லிக் குடுத்தியா?" என்று அதட்டினார் தலைமையாசிரியர்.

"இல்லீங்க சார். ஒரு புள்ளிதானுங்க வெச்சேன்."

"சங்கேதமா? மன்னிப்பு எழுதிக் குடு. இல்லீன்னா மல்லசமுத்திரத்துல இருந்து உங்கப்பாவ வரச்சொல்லி டி.சி. குடுத்துருவேன்."

"எழுத மாட்டேனுங்க."

"திமிரப் பாருங்க சார்! இவ பேப்பர்ல ஒரே ஒரு வட்டந்தான் இருக்குது."

"கேள்வியப் படிங்க டீச்சர்" என்றாள் தனப்பிரியா.

டீச்சர் படித்தார். "சூரியன், பூமி, நெப்டியூன் மூன்றையும், உருவமும் தூரமும் ஒரே அளவுத்திட்டத்தில் அமையுமாறு வரைக."

"நான் வரைஞ்ச சூரியன் ஒரு சென்டிமீட்டருங்க. பூமி ஒரு மீட்டர் தள்ளி, சித்ரா பேப்பர்லதானுங்க வரும். மூணையும் ஒரே தாள்ல வரைஞ்சவங்களக் கூப்பிட்டு விசாரிங்க."

தலைமையாசிரியர் கொஞ்சம் தணிந்தார். "அப்ப நெப்டியூனு?"

"முப்பது மீட்டர் தாண்டி வருமுங்க."

தனப்பிரியா ஜன்னல் வழியே பரீட்சை ஹாலைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியருடைய பேனாவை எடுத்தாள்.

"நீங்க கூப்பிடலீன்னாலும் இங்க வந்திருப்பேனுங்க" என்றபடி, அவர் மேசைமேல் ஒரு புள்ளி வைத்தாள்.